ராஜமாணிக்கம் நடந்த தூரம்

"உண்மையச் சொல்லுங்க ஐயா. வாட்ச யார் கையில கட்டி விட்டீங்க?"

ராஜமாணிக்கம் இடது கையைத் தூக்கிக் காட்டினார். கறுப்புக் கைப்பட்டை அதில்தான் இருந்தது.

"என் கையிலதானே இருக்குது. இன்னா மேடம், வந்ததும் வராததுமா போலீஸ்காரங்க மாதிரி கேக்கறீங்க?"

தேவிப்ரியாவுக்கு எரிச்சல் வந்தது. அடி அண்ணாமலையில் நாற்பது வீடுகள் அவள் பொறுப்பு. ஒரு மருத்துவக் கல்லூரி ஆறு மாதத்துக்கு நடத்தும் ஆய்வு. புகை, குடி, சாப்பாடு, தூக்கம், நடை ஆகிய ஐந்தும் ஒன்றுசேர்ந்து சர்க்கரையையும் ரத்தக் கொதிப்பையும் எவ்வளவு கூட்டுகின்றன, எவ்வளவு குறைக்கின்றன என்று பார்க்கிறார்கள். வீட்டுக்கு ஒருவர். நான்கு பழக்கங்களை அவள் கேட்டு எழுதிக்கொள்வாள். நடையை மட்டும் அந்த வாட்ச் எண்ணும்.

அதுதான் இப்போது அவள் வேலைக்கே உலை வைத்திருந்தது.

"ஒரு மாசமா தினம் இருபத்தோராயிரம் ஸ்டெப்ஸ் காட்டுது. விடிகாலை மூணரையிலிருந்து ஏழு மணி வரைக்கும். உங்களுக்குக் கால்ல கம்பி வச்சிருக்கு. கடைய விட்டு எழுந்திருக்கவே கைத்தடி வேணும்."

"மெஷினுக்குப் புத்தி கெட்டிருக்கும்."

"ஆட்டுக் கழுத்துல கட்டி விட்டீங்களா?"

"எங்க ஆடு மூணரைக்கு எழுந்திருக்குமா? அது என்னவிட சோம்பேறி மேடம்."

கிரிவலப் பாதையில் தண்ணீர் பாட்டில் விற்கிற சின்னக் கடை அது. வாங்க வந்த இருவர் சிரித்தார்கள். தேவிப்ரியா சிரிக்கவில்லை. மேலதிகாரி புகழேந்தி நேற்றே கறாராகச் சொல்லிவிட்டார்: "அவர் பேர அடிச்சுட்டு வாட்ச வாங்கிட்டு வா. ஒரு பொய்க் கணக்கு உள்ள போனாலும் அப்புறம் உனக்கு இங்க வேலை இல்ல."

கடைக்குப் பின்னால் குழாயடியில் நின்றிருந்த அவர் மனைவி சரோஜா, வா என்று கண்ணைக் காட்டினாள்.

"அவர ஒன்னும் சொல்லாதீங்கம்மா" என்றாள், பக்கத்தில் போனதும். "அவருக்கு எதுவும் தெரியாது. தூங்கும்போது அரிக்குதுன்னு கழட்டி ஆணியில மாட்டிடுவாரு. நான்தான் எடுத்துக் கட்டிக்கினு போறேன்."

"எங்க?"

"மலையச் சுத்த."

"பதினாலு கிலோமீட்டர்! தினமுமா?"

"நீங்கதானே சொன்னீங்க, அவருக்கு அஞ்சுல ஒன்னுதான் தேறுது, நோய் வர பயம் ஜாஸ்தின்னு. அன்னிலேர்ந்து நானும் சொல்லிப் பாத்துட்டேன். பீடிய விடச் சொன்னா விட மாட்டாரு. கீரை வச்சா ஓரமா ஒதுக்கிடுவாரு. அவரு தூக்கத்த நான் தூங்கித் தர முடியாது. நடைய மட்டும் நான் நடந்து தரலாமில்ல?"

"அது எப்படிம்மா..."

"ஊரே அப்படித்தானே சுத்துது? புள்ளைக்கு உடம்பு முடியலன்னா தாய் சுத்தறா. படுத்துக் கெடக்கிறவங்களுக்காக வீட்டு மனுஷங்க சுத்தறாங்க. சாமி அவங்க கணக்குல சேக்குதில்ல? இந்த வாட்சும் அவரு பேர்லதானே இருக்குது?"

தேவிப்ரியா, கல் குத்திக் கன்றிப்போயிருந்த அந்த வெறுங்கால்களையே பார்த்தாள்.

"சேராதாம்மா?" சரோஜாவின் குரல் இறங்கிவிட்டது.

"ஐயாகிட்ட பேசிட்டு வரேன்" என்று நழுவிக் கடைக்கு வந்தாள்.

கடையில் இப்போது ஆள் இல்லை. படிவத்தை எடுத்து அவர் பெயரின் மேல் கோடு போட்டாள்.

"பேர அடிச்சுட்டேன் ஐயா. வாட்சக் கொடுங்க."

ராஜமாணிக்கம் கையைச் சட்டென்று மடியில் வைத்து மூடிக்கொண்டார். முகத்தில் விளையாட்டு போயிருந்தது.

"பேர அடிச்சுக்கங்க, பரவால்ல. ஏமாத்துக்காரன்னு எழுதிக்கினாலும் சரி. இது மட்டும் கொஞ்ச நாளைக்கு இங்க இருக்கட்டும்மா."

"அவங்க கட்டிக்கினு போறது உங்களுக்குத் தெரியுமா?"

"மெதுவாப் பேசுங்க." அவர் பின்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். "எனக்கு எங்க அரிக்குதும்மா? அவ எடுத்துக்கணும்னுதானே கழட்டி மாட்டறேன்! சர்க்கரை அவளுக்கு. டாக்டரு ஒரு வருஷமா நட நடன்னு தலையில அடிச்சுக்கினாரு. எனக்கு ஏது நேரம்னு ஒரு நாள் நடந்தாளா? முன்னூத்தி நாப்பது இருந்துச்சு. போன வாரம் பாத்தா இருநூறு. தனக்காகன்னா எதிர் வீடு வரைக்கும் நடக்க மாட்டா. எனக்காகன்னா மலையையே சுத்தறா."

தேவிப்ரியா படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"ஒரே பயம்தான். சர்க்கரை இருக்கிற உடம்போட வெறுங்கால்ல போறா. செருப்பு போடுன்னு சொல்ல வாய் வரைக்கும் வருது. சொன்னா எனக்குத் தெரியும்னு தெரிஞ்சுபோயிடும். மறுநாளே நின்னுடுவா."

போன் அடித்தது. புகழேந்தி.

"பேர அடிச்சாச்சா?"

"அடிச்சுட்டேன் சார். அவர் நடக்கல. தப்பான கணக்குதான்."

"வாட்ச்?"

"ஆறு மாசம் முடிஞ்சதும் எல்லாத்தையும் சேத்து ஒப்படைக்கிறேன் சார். என் பொறுப்பு."

போனை வைத்துவிட்டு நேராகக் குழாயடிக்குப் போனாள். சரோஜா நிரம்பிய குடத்தைத் தூக்காமல் அப்படியே நின்றிருந்தாள்.

"அம்மா, ஐயாவுக்குத் தெரிய வேணாம். நாளையிலேர்ந்து செருப்பு போட்டுக்கினு நடங்க."

"செருப்பா? மலையச் சுத்தும்போதா?"

பொய்க் கணக்கைப் பிடிக்க வந்த தேவிப்ரியா, முகத்தைக் கண்டிப்பாக வைத்துக்கொண்டு சொன்னாள்:

"வெறுங்கால சாமி எண்ணும்மா. மெஷின இந்த மாசம் மாத்திட்டாங்க. செருப்பு போட்டு நடந்தாத்தான் அவரு பேர்ல சேரும்."