மேகத்துக்கும் மெத்தைக்கும் நடுவில்

"நடுவுல ஒரு சின்னக் கோடு. அவ்வளவுதான் மேடம்."

வெப்சைட் செய்ய வந்தவர் லேப்டாப்பை முதலாளியம்மா பக்கம் திருப்பிக் காட்டினார். 'மேகமெத்தை' என்று சேர்த்து எழுதும் முகவரியை யாரோ ஏற்கெனவே வாங்கிப் போட்டிருந்தார்கள். மேகம், ஒரு ஹைஃபன், மெத்தை என்று போட்டால் கிடைக்கும்.

குழந்தைகளுக்கு மெத்தையும் தலையணையும் தைக்கிற இடம் அது. ஜன்னல் வெயிலில் பஞ்சுத் துகள்கள் எங்கே இறங்குவதென்று தெரியாமல் மிதந்துகொண்டிருந்தன.

"எடுத்துடலாம்," என்றார் முதலாளியம்மாவின் தம்பி.

"ஆனா ஒண்ணு," என்றார் வெப்சைட்காரர். "போன்ல அட்ரஸ் கேக்கறவங்ககிட்ட கோடுன்னு சொல்லக் கூடாது. அடியில கோடு போட்டுடுவாங்க. டேஷ்னு சொன்னா ஆளுக்கு ஒண்ணு அடிப்பாங்க. ஹைஃபன்னு தெளிவா சொல்லிடணும். இங்க போன் எடுக்கறது யாரு?"

எல்லோரும் ஜன்னலோரம் திரும்பினார்கள்.

அங்கே உட்கார்ந்திருந்தவள் பிரசவம் முடிந்து, போன மாதம்தான் இங்கே சேர்ந்தவள். ராத்திரியெல்லாம் குழந்தையைத் தோளில் போட்டு நடக்கிறவளுக்குப் பகல் பாதிக் கனவு மாதிரிதான் போகும். இப்போது முழுசாக விழித்துக்கொண்டாள்.

அவளுக்குத் திக்கும். எல்லா வார்த்தையும் இல்லை. 'ஹ' என்று தொடங்கினால் மட்டும் தொண்டைக்குள் யாரோ கதவைச் சாத்திவிடுவார்கள். நல்லவேளை, நம் பேச்சில் அது அதிகம் வராது. போன் எடுத்தால் 'வணக்கம்' சொல்லிவிடுவாள். ஹாலை 'முன் ரூம்' என்பாள். ஹாஸ்பிடல் எப்போதும் ஆஸ்பத்திரிதான். இப்படி ஒதுங்கி ஒதுங்கி, யாருக்கும் தெரியாமல் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருகிற தூரத்தில் அவளுக்கு வேறு வேலை கிடையாது. திக்குகிறவளை யார் போனுக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள்?

"நீங்கதானா? எங்க, ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க."

"மேகம்..." என்றாள்.

அடுத்தது வரவில்லை. உதடு திறந்தபடியே இருந்தது. ஒரு பஞ்சுத் துகள் மெல்ல இறங்கி, மெல்ல மெல்ல இறங்கி, டெலிபோன் மேல் உட்கார்ந்தது.

"வேண்டாம்," என்று முதலாளியம்மா குறுக்கே விழுந்தார். அவர் அப்படித்தான். யாரையும் பேசி முடிக்க விட மாட்டார்.

"ஏன்க்கா வேண்டாம்?" என்றார் தம்பி.

"பாக்கவே நல்லா இல்ல. மெத்தை நடுவுல கிழிசல் மாதிரி இருக்கு. குழந்தை கன்னத்துல உறுத்தும்."

"வெப்சைட்ல எந்தக் குழந்தை வந்து படுக்கப் போகுதுக்கா?"

"எனக்கு உறுத்துதுடா. போதாதா?"

வெப்சைட்காரர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "கோடு வேண்டாம்னா பேரையே மாத்தணும் மேடம். வேற வழி இல்ல."

"மாத்திடுங்க."

"அக்கா, கனவுல வந்த பேருன்னு நீதானே ஆசையா வச்ச? தைச்சு வச்ச லேபிளையெல்லாம் என்ன பண்றது?"

"பிரிக்கறது. கை எதுக்கு இருக்கு?"

தம்பி லேபிள் தைத்த தலையணைகளை எடுத்து அடுக்கத் தொடங்கினார்.

வெப்சைட்காரரை வாசல் வரை போய் அனுப்பிவிட்டு வந்தார் முதலாளியம்மா. வந்த வேகத்திலேயே, "ஹைஃபன் கிய்ஃபன்னு இனி இங்க ஒருத்தரும் பேச்செடுக்கக் கூடாது, சொல்லிட்டேன்," என்று பொரிந்து தள்ளிவிட்டு, துணி எடுக்கக் கிளம்பிவிட்டார்.

மத்தியானம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து லேபிளைப் பிரித்தார்கள். குட்டிக் குட்டி மேகங்கள் மடியில் குவிந்தன.

"நம்ம அம்மாவுக்குக் கோடுன்னாலே ஆகாது போல," என்றாள் தையல் போடும் அக்கா. "நாளைக்கு ரோட்டு நடுவுல இருக்கறதையும் அழிக்கச் சொல்லுவாங்க."

சிரிப்பு எழுந்தது. போன் எடுக்கிறவள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். தப்பித்துவிட்டோம் என்கிற சிரிப்பு. அது தந்த தைரியத்தில் அவளும் ஒன்று எடுத்துவிட்டாள்.

"அவங்க பிடிவாதத்தை அடைச்சா தலையணையே கல்லாயிடும்க்கா."

மறுபடியும் சிரிப்பு. அந்த அம்மாவின் கிறுக்கு தன்னுடைய அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டாள். கண் லேசாகச் சொருகியது. வேலை இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரத்தில் குழந்தையிடம் ஓடலாம்.

போன் அடித்தது.

"வணக்கம்."

"காலையில வந்தேனே, வெப்சைட் விஷயமா. மேடம் இருக்காங்களா?"

"வெளிய போயிருக்காங்க சார்."

"அப்ப நீங்களே சொல்லிடுங்க. புதுப் பேரு கிடைச்சிடுச்சு. பஞ்சுமேகம். சேர்த்தே எழுதலாம், கோடே வேண்டாம். அவங்க கேட்ட மாதிரியே வாய்விட்டுச் சொல்லிப் பாத்தேன், எங்கயும் இடிக்கல. மெயில் ஐடிய 'ஹலோ'ன்னு ஆரம்பிக்கறதா இருந்தேன், அதையும் எடுத்துட்டேன்."

அவள் விரலுக்கிடையில் இருந்த லேபிள் நழுவி விழுந்தது.

"அதை எதுக்கு சார் எடுத்தீங்க?"

அந்தப் பக்கம் குரல் தணிந்தது.

"வாசல்ல வச்சு என்கிட்ட மட்டும் சொன்னாங்க. பாவம், சின்ன வயசுலேர்ந்தே அவங்களுக்கு அந்தச் சத்தம் திக்குமாம். உங்க யாருக்கும் தெரியாதாம். நீங்களும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க."

காலையில் முதலாளியம்மா ஒரே மூச்சில் பொரிந்து தள்ளிய 'ஹைஃபன் கிய்ஃபன்' அவள் காதில் மறுபடியும் கேட்டது.