எட்டு விநாடி

"காலையிலேர்ந்து இதையே சொல்ற நாலாவது ஆளு நீங்க. சிடி வாங்கிட்டு வரிசையில நில்லுங்க சார்," என்று காவலாளி வாசலிலேயே தடுத்துவிட்டான்.

பெரு நாட்டிலிருந்து ஜப்பானுக்கு வந்து இருபது வருஷமாகியும் எடில்பெர்ட்டோவுக்கு இது புரியவில்லை. ஒரு சிடி வாங்கினால், மேடைப் பாடகி ரிரினாவோடு எட்டு விநாடி கைகுலுக்கலாமாம். அவர் வீட்டில் சிடி போடும் பெட்டியே கிடையாது.

"முதல் தடவையா சார்?" பின்னால் நின்ற ரசிகன் ஓனுகியின் சட்டை முழுக்க ரிரினாவின் படம்.

"ஆமாம்ப்பா. ஒரு பொருள் கொடுக்கணும்."

"கையில கொடுக்கக் கூடாது. அந்தப் பரிசுப் பெட்டியில போட்டா ஒரு வாரத்துல அவங்களுக்குப் போகும்."

"ஒரு வாரமா? இன்னிக்கே வேணுமே."

"இந்த வயசுல இவ்வளவு அவசரமா?" ஓனுகி சிரித்தான். "பேசத்தான் முடியும். பேரு, ஊருன்னு சொல்லி நேரத்தை வீணாக்காம விஷயத்துக்கு வந்துடுங்க."

எடில்பெர்ட்டோவின் முறை வந்தது. புன்னகையோடு கை நீட்டிய ரிரினா, அவர் முகத்தைப் பார்த்துத் திகைத்தாள்.

அவர் மூச்சுவிடாமல் சொன்னார்: "வீட்டுச் சாவியை மறந்துட்டு வந்துட்டே. போனும் எடுக்கல. எனக்கும் அம்மாவுக்கும் ராத்திரி ஷிப்ட். சாவியை உன் சைக்கிள் கூடையில போட்டு வைக்கிறேன். சாப்பிட்டியா?"

"நேரம் முடிஞ்சுது," என்று ஊழியர் அவரைத் தோளைப் பிடித்து நகர்த்தினார்.

"இன்னும் இல்லப்பா," என்றாள் ரிரினா.

எடில்பெர்ட்டோ இன்னொரு சிடி வாங்கப் போனார்.