ஜாமீன் இல்லாத பேச்சு

மாற்று வேட்டி, துண்டு, சோப்பு, பிரஷ் எல்லாம் திணித்த பையை மடியில் இறுக்கிக்கொண்டு, காவல் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான் தாணுமாலையன். கட்சியின் நகரப் பேச்சாளன்.

நேற்று மாலை ஸ்ரீவைகுண்டம் கடைத்தெருவில் மைக் பிடித்தவன், எதிரே இருந்த சிராஜுதீனின் வாழை மண்டியைக் கை நீட்டிக் காட்டி, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தித் தீர்த்திருந்தான். விடிவதற்குள் அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றிவிட்டது.

இன்ஸ்பெக்டர் நேசையா, சிராஜுதீனையும் வரவழைத்துத் தன் எதிரே உட்கார வைத்திருந்தார்.

"மதத்தைச் சொல்லிப் பகையை மூட்டினா என்ன பிரிவு, தெரியுமாவே?"

"நூத்தித் தொண்ணூத்தாறுய்யா. ஜாமீன்ல வர முடியாது." தாணுமாலையன் மனப்பாடமாக ஒப்பித்தான்.

"தெரிஞ்சேதான் பேசியிருக்கீரு, என்ன?"

"ஐயா, நாளைக்குத் தலைவர் மாவட்டச் செயலாளர் யாருன்னு அறிவிக்காரு. பதினஞ்சு வருசமா இதுக்குத்தான் கொடி கட்டுதேன். என் வாழ்க்கையே இப்ப உங்க கையிலதான்யா இருக்கு."

நேசையா போனில் வீடியோவை ஓடவிட்டார்.

"ஏ சிராஜுதீன் மாமா! உங்க ஆளுக அத்தனை பேரையும் இங்கன இருந்து விரட்டாம விட மாட்டேன், மாமா!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மண்டிக்குள்ளிருந்து சிராஜுதீனின் குரல் கேட்டது. "பைய பேசு மாப்ள, தொண்டை கட்டிரும்!"

ஏட்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

"மாமா மாமான்னு கூப்பிட்டுக்கிட்டே என்னத்தவே பகை மூட்டுதீரு?" நேசையா போனை மேஜையில் வைத்தார்.

"பழக்க தோசம்யா. சின்னதுல இருந்து அப்படித்தான் கூப்பிடுதேன். வாயில தானா வந்துட்டு."

நேசையா சிராஜுதீன் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. புகார் குடுக்கீங்களா?"

"இவன் மேலயா? கூட்டம் முடிஞ்சதும் தொண்டை வறளுதுன்னு எங்க மண்டியில வந்துதான் தண்ணி குடிச்சான். பேசின பேச்சுக்கு நாலு அறை விடணும். அதை நான் பாத்துக்கிடுதேன். கேஸெல்லாம் வேண்டாம்யா, பொண்டாட்டி பிள்ளைக தெருவுல நிக்கும்."

"அப்ப முடிஞ்சுது. கேஸ் கிடையாது. வீட்டுக்குப் போரும்வே."

தாணுமாலையன் தடாலென்று சிராஜுதீனின் காலில் விழுந்தான். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"எந்திரிலே. இதுக்குப் போயி நன்றி எதுக்கு?"

"நன்றியா? ஜெயிலுக்குப் போனவனுக்குத்தான் பதவின்னு தலைவர் சொல்லிட்டாரு. என் மேல ஒரு புகார் எழுதிக் குடுங்க மாமா!"