மூன்றாவது கட்டம்

அதிகாரி தண்ணீர் டம்ளரை அந்த அம்மாளின் பக்கம் நகர்த்தினார். அழப்போகிறவர்களுக்கு முதலில் தண்ணீர் தர வேண்டும் என்று மூன்று நாள் பயிற்சியில் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சான்றிதழ் பின்சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்கியது.

அவள் அழவில்லை. வெயிலில் வந்தவளாயிற்றே, தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டு, மனுவை எடுத்து மேசையில் வைத்தாள்.

“உங்க ஃபைலைப் படிச்சேம்மா. ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே இல்ல,” என்றார் அதிகாரி. பக்கத்து மேசையில் தலைமை எழுத்தர் அந்த ஃபைலின் முடிச்சை அவிழ்க்க அப்போதுதான் போராடிக்கொண்டிருந்தார்.

நான்கு ஆண்டுகளில் இவர் நான்காவது அதிகாரி. முதலாமவர் குழு அமைத்தார். இரண்டாமவர் குழு உட்கார நாற்காலி வாங்கினார். மூன்றாமவர் எல்லா போலீஸ் ஜீப்பிலும் ‘கவனமாகத் துரத்துவோம்’ என்று ஸ்டிக்கர் ஒட்டினார். ஓட்டுகிறவர் கண்ணில் பட்டுவிடாதபடி, பின்பக்கம்.

ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிச் சொல்லி அது அவள் வாயில் பஸ் நேர அட்டவணை போல ஆகிவிட்டது. நம்பர் பிளேட் இல்லாத ஒரு பைக். அதைத் துரத்திய ஜீப். பள்ளிக்கூடத் தெரு. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருவைக் கடந்த பதினாலு வயது மகள். பைக்காரன் மறுநாள் தானே ஸ்டேஷனில் வந்து நின்றான். பிளேட்டை மெக்கானிக் கடையிலேயே மறந்துவிட்டானாம்.

அவள் கேட்டது மலையையும் கடலையும் அல்ல. கட்டுப்பாட்டு அறையில் துரத்தல் பதிவேடு என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு துரத்தலுக்கும் எதிரே இரண்டு கட்டம்: ‘பிடிபட்டது’, ‘தப்பியது’. மூன்றாவதாக ‘நாமே நிறுத்தினோம்’ என்று ஒரு கட்டம் வேண்டும். அதில் டிக் போட்டவரை யாரும் விளக்கம் கேட்கக் கூடாது. அவ்வளவுதான்.

அதுவரை அந்த அறையை விட்டு வெளியே வராத பதிவேடு அது. அதிகாரியே பார்த்ததில்லை. எழுத்தரிடம் எடுத்துவரச் சொல்லிப் புரட்டினார். அவள் சொன்னபடியே இரண்டே கட்டம்.

“நிறுத்தினோம்னு நாங்களே எழுதி வச்சா ஊர் சிரிக்காதாம்மா? போலீஸ்னா துரத்தணும்.”

பிறகு நிர்வாகம் என்றால் என்ன என்று கொஞ்ச நேரம் விளக்கினார். ஒரு கட்டம் சேர்க்க ஐந்து கையெழுத்து வேண்டும் என்றார். அதில் முதல் கையெழுத்தே தன்னுடையது என்று சொல்லும்போது நாற்காலியில் ஒரு அங்குலம் உயர்ந்தார்.

அது அவளுக்குத் தெரியும். புதுப் பதிவேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது என்பதும் தெரியும். இன்று கையெழுத்து விழாவிட்டால், அடுத்த அச்சு ஐந்து வருஷம் கழித்துத்தான்.

“கோடு போடறதுதான் கஷ்டம்னா நானே போட்டுத் தரேன் சார். ஸ்கேல் கொண்டு வந்திருக்கேன்.”

அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பையில் ஸ்கேல் இருந்தது.

அதிகாரிக்குச் சுருக்கென்றது. பேச்சை மாற்ற, அவிழ்ந்துவிட்ட ஃபைலைத் தன் பக்கம் இழுத்துப் புரட்டினார். நடுவில் ஒரு தாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

“கட்டம் கிடக்கட்டும்மா. உங்களுக்கு நான் ஆளையே தரேன்.”

அது அன்றைய வயர்லெஸ் பேச்சின் எழுத்துப் பிரதி. ஜீப்புக்கு மைக்கில் வழி சொன்னது கட்டுப்பாட்டு அறையின் ஏழாம் மேசை. பள்ளிக்கூடத் தெரு வழியாகப் போய் மடக்குங்கள், நாலு மணிக்குத்தான் பள்ளி விடும், அதுவரை தெரு காலியாக இருக்கும் என்று அடித்துச் சொல்லியிருந்தது. அன்று பரீட்சை என்பதால் மூன்று மணிக்கே விட்டுவிட்டார்கள். ஏழாம் மேசையின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை; அந்த அறையில் மேசைக்கு நம்பர்தான், ஆளுக்குப் பெயர் கிடையாது.

“நீங்க ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்க. அவன் வேலையை விட்டுப் போயிருந்தாலும் தேடிப் பிடிச்சுத் தண்டனை வாங்கித் தரேன். ஃபைலும் ஒரேயடியா முடிஞ்சிடும்.”

“ஆள் வேண்டாம் சார், கட்டம் போதும்.” அவள் குரலில் ஏற்ற இறக்கம் எதுவுமில்லை. “தப்பியதுன்னு எழுதினா சாயங்காலம் மேலதிகாரி முன்னால போய் நின்னு பதில் சொல்லணும். அதுக்குப் பயந்துக்கிட்டுதான் அங்க யாரும் நிறுத்துன்னு சொல்றதில்ல.”

எழுத்தர் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அதிகாரி ஒரு பெருமூச்சு விட்டார். அதுவும் பயிற்சியில் இருந்திருக்கும்.

“உங்களுக்குப் பெரிய மனசும்மா. எனக்கெல்லாம் வராது. அந்த ஏழாம் மேசைக்காரன் பெத்த பிள்ளை அப்படி ரோட்டுல கிடந்திருந்தா அவனுக்கு உறைச்சிருக்கும்.”

அவள் மனுவைத் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடம் அவர் பக்கம் வரும்படி வைத்தாள்.

“அன்னிக்கு ஏழாம் மேசையில இருந்தது நான்தான் சார்.”