இருக்கலாம்

உச்சி வெயிலில் மரக்காணத்து உப்புப் பாத்திகள் கண்ணைக் குத்துகின்றன. இங்கே தலைமுறை தலைமுறையாகத் தகடு தகடாக உப்பு எடுக்கும் முறையைத் தானே கண்டுபிடித்ததாக ஒரு கம்பெனி காப்புரிமை வாங்கிவிட்டது. உப்பளக்காரர்களுக்காக அதை எதிர்த்து வழக்காடும் வக்கீல் சத்யப்ரியா வரப்பில் நிற்கிறாள். அவளுடைய நிபுணர், வேதியியல் பேராசிரியர் மணிவண்ணன், பாத்தியில் குந்தி பாட்டில்களில் சாம்பிள் எடுக்கிறார். "கம்பெனி உப்பும் இதுவும் ஒண்ணுதானே சார்?" என்று காலையிலிருந்து பத்துத் தடவை கேட்டுவிட்டாள். "இருக்கலாம்" என்கிறார். அந்தச் சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "கோர்ட்ல இப்டி சொன்னீங்கன்னா நம்மள கிழிச்சித் தொங்க விட்டுடுவாங்க சார்!" அவள் கத்தி முடிப்பதற்குள் கம்பெனி ஆள் ஒருவன் பின்னாலிருந்து பாய்கிறான். அவன் கையிலிருக்கும் உப்பு வாரும் பலகை பாட்டில்களை நொறுக்கிவிட்டு, குனிந்திருக்கும் பேராசிரியரின் உச்சந்தலையில் இறங்குகிறது. எலும்பில் மரம் மோதும் சத்தம். ரத்தம் புருவத்தில் வழிந்து வெள்ளை உப்பில் சொட்டுகிறது. அவர் தலையைப் பிடிக்கவில்லை. மிஞ்சிய ஒரே பாட்டிலின் வாயைப் பொத்துகிறார். "ரத்தம் பட்டா சாம்பிள் செல்லாதும்மா, மூடி எங்க?" உப்பளத்து ஆட்கள் ஓடிவந்து அடித்தவனை வரப்பில் தள்ளி மிதிக்கிறார்கள். சத்யப்ரியா அவன் தலைமுடியைப் பற்றி முகத்தைத் தூக்கிக் காட்டுகிறாள். "இவன்தான அடிச்சான்? ஆமான்னு சொல்லுங்க சார், போலீஸ்ல எழுதிக் குடுக்கணும்." உப்புக் கையால் கண்ணைத் துடைத்து, எரிச்சலில் பல்லைக் கடித்தபடி அவர் உற்றுப் பார்க்கிறார். "இருக்கலாம்மா. குனிஞ்சிருந்தேன், மூஞ்சியப் பாக்கல." அவள் பிடி தானாகத் தளர்கிறது. அவர் மடியில் இருக்கும் பாட்டிலில் உப்பு வெள்ளையாகவே இருக்கிறது.