அவர் வைத்த பெயர்

வலைக்கூண்டுக்குள் மூன்றாவது கூடு உடைந்தபோது அவள் தேநீரைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தாள்.

நேற்று வெளிவந்த இரண்டும் வெள்ளை. பால் வெள்ளை, சிறகுக்குக் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. அவள் கணவர் கண்டுபிடித்துப் பெயர் வைத்த அந்துப்பூச்சி அதுதான்.

இது கசங்கிய ஈரத்துணிபோல் குச்சியில் ஏறித் தொங்கியது. மெல்ல மெல்லச் சிறகு விரிந்தது.

வெள்ளை இல்லை.

காய்ந்த சருகின் நிறம். ஓரத்தில் புழு அரித்தாற்போல ஒரு பள்ளம். தலையில் சீப்புப் பற்கள்போல் உணர்கொம்புகள். ஆண்.

அவளுக்கு லென்ஸ் தேவைப்படவில்லை. அந்தச் சருகுப் பூச்சிக்குப் பெயர் வைத்தவளே அவள்தான்.

ஒரே அருங்காட்சியகத்தில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து பூச்சிகளை இனம் பிரித்த கணவன் மனைவி. அவளிடம் சிக்கியதெல்லாம் ஆண். பின்னாளில் அவரிடம் சிக்கியதெல்லாம் பெண். இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. வேறு வேறு இனம் என்றே எல்லோரும் நம்பினார்கள்.

நடுவில் வீடு இரண்டாகியிருந்தது. பெரிய சண்டை ஒன்றும் இல்லை. அவர் காட்டுக்குப் போவார், வருவார். ஒருமுறை திரும்பி வந்தபோது அவள் வீட்டில் இல்லை, அவ்வளவுதான். அந்த வருஷம்தான் அவர் வெள்ளைப் பூச்சிக்குப் பெயர் வைத்தார். கட்டுரை அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை அவள் மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் போய் உட்கார்ந்தார்.

அவள் அதைப் படித்து முடித்து இழுப்பறைக்குள் வைத்தாள்.

போன மாதம் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். அவர் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் போன் செய்தார்: “ஒரு பூச்சிக் கூண்டு கிடக்குதும்மா. எடுத்துட்டுப் போறீங்களா?”

வெள்ளைத் தாய் ஒன்று இட்ட முட்டைகளைப் பொரிக்கவைத்துப் புழுக்களை அவர் வளர்த்திருந்தார். மிச்ச நாளுக்கு இலை போட்டது அவள்.

இப்போது ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மூன்றும் ஒரே கூண்டில். இரண்டு வெள்ளை, ஒரு சருகு.

ஆக, இனம் ஒன்றுதான். ஓர் இனத்துக்கு ஒரு பெயர்தான் செல்லும், முந்தி வைத்த பெயர். முந்தியவள் அவள். வாழ்நாளில் அவர் பெயர் வைத்த ஒரே பூச்சியின் பெயர் போயாக வேண்டும்.

அதை விளக்கிச் சொன்னபோது, அருங்காட்சியகத்தின் பூச்சிப் பட்டியலைத் தட்டச்சு செய்யப் புதிதாக வந்திருந்த பெண்ணுக்கு மனசு கேட்கவில்லை.

“ஜன்னலைத் திறந்து விட்டுடலாமே மேடம். பறந்து போயிடும். யாருக்குத் தெரியப் போகுது?”

அதைக் கேட்டு அவள் கை ஜன்னல் கொக்கிவரை போகவே செய்தது.

அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. அதனால்தானே வளர்த்தார்? இதுதான் வரும் என்று தெரிந்தே ஒவ்வொரு நாளும் இலை போட்டிருக்கிறார்.

கையை எடுத்துக்கொண்டாள். சிறகு நன்றாகக் காயும்வரை பொறுத்திருந்து, மருந்துப் பஞ்சு போட்ட ஜாடிக்குள் அதை விட்டு மூடினாள். கொஞ்ச நேரம் படபடத்தது. அடங்கியது.

“செல்லாத பெயர்கள்ல ஒண்ணு சேர்க்கணும்மா.”

“எழுத்துக்கூட்டிச் சொல்லுங்க மேடம்.”

ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். கடைசியில் ஒட்டியிருந்த லத்தீன் வாலையும் சொன்னாள்.

தட்டும் சத்தம் நின்றது. அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். திரும்பி அவளைப் பார்த்தாள்.

“மேடம்… இது உங்க பேரு.”

“ஆமா. டைப் பண்ணும்மா.”

சேர்ந்திருந்த காலமெல்லாம் வீட்டில் அவர் அவளை “இந்தா” என்றுதான் கூப்பிட்டார். பெயர் சொல்லி ஒரு தடவைகூட அழைத்ததில்லை.