கருணாகரனின் ரசிகன்

பல ஆண்டுகளாகத் தொலைக்காட்சிக்குக் குற்ற நாடகங்களை எழுதித் தயாரித்துவரும் கருணாகரனின் மலேசிய ரவாங் நகரத்து வீட்டிலேயே திருடன் புகுந்துவிட்டான். காவல் நிலையத்தில் அவர் பொரிந்து தள்ளினார்.

"என் நாடகத்து இன்ஸ்பெக்டர் அரை மணி நேரத்துல கேஸை முடிச்சிருப்பான். நீங்க என்ன பண்றீங்க?"

"ஆளைப் பிடிச்சிட்டோம் பாஸ்," என்றார் சார்ஜன் மலர்விழி. "பூட்டைத் திறக்கிறது, கேமராவை மறைக்கிறது, எல்லாமே உங்க நாடகத்தைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டானாம்."

கருணாகரனுக்குக் கோபம் பறந்து பெருமை பொங்கியது. "எல்லாம் ஆராய்ச்சி பண்ணி எழுதினது! அப்புறம் எப்படி மாட்டினான்?"

"தப்பிக்கிறதுக்கும் உங்களையே நம்பிட்டான்லா. உங்க நாடகத்துத் திருடன் பிளாட்பாரத்துக்கு ஓடினதும் ரயில் வந்து நிக்கும். இவன் உங்க டிவியை மடியில வச்சிக்கிட்டு பெஞ்சிலேயே காத்துக்கிட்டு இருந்தான்."